அக்கா சோறு சமைக்காத ஞாயிற்றுக்கிழமை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு வார்த்தை. கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசிக்கவென்று இதை நான் எழுதவில்லை. எங்கள் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். செத்தவீட்டுச் செய்தியோடு அழுதுகொண்டு வந்தவர்களைக்கூட, "முதலிலை சாப்பிடு. பிறகு ரெண்டு பேருமாய் இருந்து அழுவம்" என்று கையைப் பிடித்து இருத்தியவர் அவர்.

அக்கா மட்டுவிலில் பிறந்தவர். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் மூன்று பேர். மூத்தவர் அண்ணா, நடுவில் அக்கா, கடைசி நான். அண்ணா பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியில் முதல் ஆளாக இறங்கி ஆடியவர். வீட்டில் அவருக்குப் பந்து போட ஆள் கிடையாது. அக்காதான் போட்டார். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி ஓடிப் பந்து போட்ட அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இவளை ஆர் கட்டப்போறான்?" என்று ஒரு மாமி கேட்டாராம். "கிரிக்கெட் பற் பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் கட்டுவான், நீங்கள் யோசிக்காதையுங்கோ" என்று அக்கா சொன்னாராம். சொன்னது அப்படியே நடந்தது.

பிறகு சண்டை வந்தது. வீடு போனது, அப்பா போனார், ஊர் ஊராக இருந்து எழும்பினோம். அதையெல்லாம் நான் இங்கே விரிக்கவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அதே பாதையால்தான் நடந்து வந்தீர்கள். அண்ணா முதலில் ரொறன்ரோ வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, எங்கள் இரண்டு பேரையும் அம்மாவையும் கூப்பிட்டார். அறையை எங்களுக்குத் தந்துவிட்டு அவர் ஹோலில் படுத்தார். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். தன்னோடு ஒரே அணியில் விளையாடிய நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்து, "பிள்ளை, இவர் குடிக்கிறேல்லை, பொய் சொல்லுறேல்லை, ஸ்பின் பந்தைத் தவிர வேறை ஒண்டுக்கும் பயப்பிடுறேல்லை" என்று அறிமுகம் செய்தார். அவரே எங்கள் அத்தான்.

அக்காவும் அத்தானும் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டிடத்தில் குடிவந்தார்கள். அதே கட்டிடத்தில் இரண்டு தட்டு, அதாவது இரண்டு மாடி, மேலே நான். அண்ணா குடும்பத்தோடு ரெக்ஸ்டேலுக்குப் போனார். அக்கா ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி கழுவப் போய், சில வருடங்களில் அங்கே சமைக்கிறவரானார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ரோஸ்ட். பெரிய இறைச்சித் துண்டு, அவண் அடுப்பில் வெந்த உருளைக்கிழங்கு, மாவில் ஊதி எழும்புகிற யோர்க்ஷயர் புடிங், மேலே ஊற்ற இறைச்சிக் குழம்பு. அதற்குக் கிரேவி என்று பெயர். சாப்பிட்ட கிழவர்கள் மேசையில் கரண்டியால் தட்டிப் பாராட்டுவார்களாம். "எங்கடை சனம் வயிறு நிறைஞ்சு ஏவறை விட்டுக் காட்டுறதை அவங்கள் கரண்டியாலை காட்டுறாங்கள்" என்பார் அக்கா.

இனி நான் சொல்ல வந்த கதை.

ஒரு கோடைகாலம், பழைய மாணவர்கள் பூங்காவில் கிரிக்கெட் வைத்தார்கள். அண்ணா ஆடினார். அத்தான் நடுவராக நின்றார். அண்ணா ஐம்பது ஓட்டத்தைத் தொடப் போகிற நேரம், ஒரு ஓட்டத்துக்கு ஓடினார். பந்து வந்து விக்கெட்டில் பட்டது. அத்தான் அவுட் என்று விரலை உயர்த்திவிட்டார். அண்ணா பற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதோடு போயிருக்கும். ஆனால் மத்தியானம் எல்லோருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு. கூட்டமாய் இருந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடும்போது அத்தான் பகிடியாக, "மச்சான் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார், ஆராவது பிடிச்சு நிப்பாட்டுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணா பாதிச் சாப்பாட்டில் சோற்றுக் கோப்பையை விட்டு எழும்பினார்.

"இனி இந்த வீட்டுச் சோத்திலை ஒரு பருக்கை என்ரை வாயிலை படாது. அம்மா மேலை சத்தியம்."

இப்படி எழும்பிப் போவது என்றால் என்ன என்று நம் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. அம்மா பிறகு காலமானார். சத்தியம் அப்படியே நின்றது. அண்ணா அக்காவை விட்டுவிடவில்லை. பழப்பெட்டியோடும் பிள்ளைகளுக்கு உடுப்போடும் வருவார். ஆனால் கீழே வாசற்கூடத்து லொபியோடு சரி. மேல்வீட்டோடு பேசுகிற பொத்தானை அமத்தி, "கீழை நிக்கிறன்" என்பார். அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போவார். தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் கதைப்பார்கள். "அவர் எப்பிடி?" என்று அண்ணா கேட்பார். மேலே வந்தால் அத்தான், "கொண்ணர் என்னவாம்?" என்பார். "நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கிறதுக்கு நான் லிஃப்டிலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறன். கட்டிடக்காரன் எனக்கு இந்த வேலைக்குச் சம்பளம் தரவேணும்" என்று அக்கா ஏசுவார். வருடங்கள் போயின.

அக்காவின் இருதயத்தில் அடைப்பு என்று டொக்டர் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார். அன்று பின்னேரம் அக்கா என் வீட்டுக்கு வந்து சோபாவில் இருந்தார்.

"பிள்ளை, எனக்குப் பயமில்லை. ஆனா ஒரு ஆசை இருக்கு. கத்தி வைக்கிறதுக்கு முதல் அண்ணாவும் உன்ரை அத்தானும் என்ரை மேசையிலை ஒண்டாய் இருந்து சாப்பிடவேணும். அதைப் பார்த்திட்டன் எண்டா, பிறகு டொக்டர் தன்ரை வேலையைப் பார்க்கட்டும்."

"அண்ணா சத்தியத்தை விடமாட்டார் அக்கா."

"அவர் ஏன் விடவேணும்? சத்தியம் சோத்துக்குத்தானே? நான் சோறு சமைச்சாத்தானே!"

அடுத்த ஞாயிறு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இங்கிலாந்துக்கும் இங்கிலாந்தில் ஒருநாள் போட்டி. எங்கள் ஊர் ஆண்கள் பலரைப் போல அண்ணாவும் அத்தானும் சின்ன வயதிலிருந்தே மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம். எங்கள் நேரத்துக்குக் காலையில் தொடங்கி, மத்தியானத்துக்குச் சற்று முன் இடைவேளை. அக்கா அண்ணாவுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மேலை வாங்கோ. கிரிக்கெட் மச் பார்ப்பம். வெள்ளைக்காரச் சாப்பாடு. ஆட்டுத்தொடை ரோஸ்ட், முழுசாய். சோறில்லை."

அண்ணா அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்தார்.

"சோறில்லையோ?"

"வீட்டிலை அரிசியே இராது."

"கறி எண்டு ஏதும் கொண்டுவந்து வைச்சியோ, எழும்பிப் போடுவன். கறியெண்டா அது சோத்துக்குத்தான்."

"கறியில்லை அண்ணா. ரோஸ்ட்."

"சரி. மச்சுக்குத்தான் வாறன். வேறை ஒண்டுக்கும் இல்லை."

போனை வைத்ததும் அக்கா கையைத் தட்டிக்கொண்டு என்னைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். இருதய நோயாளி என்று பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

சனிக்கிழமை அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வர வெளிக்கிட்டார். அத்தான் வாசலில் மறித்தார். "இஞ்சாரும், வீட்டிலை அரிசி இல்லாமல் வைக்கிறதோ? தரித்திரம் பிடிக்கும்!"

"அரிசி நாடு விட்டுப் போகேல்லை. ரெண்டு தட்டுக்கு மேலைதான் போகுது. நீங்கள் போய் இறைச்சியை எடுத்துக்கொண்டு வாங்கோ."

செம்மறி ஆட்டில் ஒரு மணம் இருக்கிறதென்று அண்ணா அதைத் தொடமாட்டார். அதனால் அக்கா எங்கள் தமிழ் இறைச்சிக் கடையில் வெள்ளாட்டுத் தொடைக்குச் சொல்லி வைத்திருந்தார். போனில் மூன்று தரம், "தம்பி, முழுசாய், முழுசாய், முழுசாய்" என்று சொன்னதைக் கேட்டேன். அத்தான் கடை பூட்டுகிற நேரத்துக்குப் போனார். பல வருட வாடிக்கையாளர் அல்லவா! வெட்டுகிற பொடியன் இவரைக் கண்டதும், "வழமை மாதிரித்தானே அண்ணை?" என்று கேட்டிருக்கிறான். இவரும் யாரோடோ நாளைய மச்சைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்ற வாயால், "ஓம், ஓம், வழமை மாதிரி" என்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அக்கா பையைத் திறந்தார். தொடையைக் காணவில்லை. சின்னச் சின்னத் துண்டு. எலும்போடு, கறிக்கு வெட்டினபடி.

கடைக்குப் போன் எடுத்தோம். யாரும் எடுக்கவில்லை. காலையில் அவர்கள் திறக்கும்போது மச் பாதி முடிந்துவிடும். அத்தானுக்கு முதலில் விஷயம் பிடிபடவில்லை. "ஆடு ஆடுதானே? வெட்டினா என்ன, வெட்டாட்டி என்ன?" என்றார்.

அக்காவின் மகள் ஆரணி இங்கே பிறந்து வளர்ந்தவள். அவள்தான் சொன்னாள்: "அப்பா, மாமா இதைப் பார்த்தா கறி எண்டுதான் நினைப்பார். ஹீ வில் வோக் அவுட்."

அத்தான் கதிரையில் இருந்துவிட்டார். "நான் இன்னொருக்கா அவரைச் சாப்பாட்டிலை எழுப்பிப்போட்டன்" என்று மெல்லச் சொன்னார். அவ்வளவு காலமும் அந்த மனிதர் மனதுக்குள் என்ன வைத்துக்கொண்டு திரிந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா அவரைப் பார்த்தார், இறைச்சியைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ. ஆட்டை இண்டைக்குத் திரும்பப் பூட்டுவம்."

கழற்றிப் போட்ட சைக்கிளைப் பூட்டுகிறதுபோல் பூட்டினோம். துண்டு துண்டாய் எலும்பிலிருந்து சதையை எடுத்தோம். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல் குனிந்திருந்து எடுத்தார். அந்தச் சதைக்கு உப்பும் மிளகும் வெள்ளைப்பூடும் போட்டு, கையில் பசைபோல் ஒட்டும்வரை அக்கா பிசைந்தார். முதியோர் இல்லத்தில் எலும்பில்லாத இறைச்சியை நூலால் சுற்றிக் கட்டி ரோஸ்ட் செய்து பழகிய கை அது. கட்டத் துணி வேண்டும் என்றார். அத்தான் அறைக்குள் போய், உடுக்காமல் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "வெட்டும்" என்றார். வேட்டித் துண்டை வெண்ணெயில் தோய்த்து, இறைச்சியை நீளமாய் உருட்டி இறுக்கிச் சுற்றி, பூமாலை கட்டுவதுபோல் முடிச்சு முடிச்சாய்க் கட்டினார். ஒரு பக்கம் தடிப்பாய், மறு பக்கம் மெலிவாய். துண்டுகளின் நடுவில் வெட்டுப்படாமல் ஒரு நீள எலும்பு மிஞ்சியிருந்தது. அதை மெலிந்த பக்கத்தில் செருகினார்.

ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, இட் ஆக்சுவலி லுக்ஸ் லைக் எ லெக்!"

மிச்ச எலும்புகளை அக்கா எறியவில்லை. வெட்டின எலும்புக்குள் மஜ்ஜை தெரிந்தது. எல்லாவற்றையும் வெங்காயத்தோடு தட்டில் பரப்பிச் சிவக்க வாட்டி, பானையில் போட்டுச் சின்ன நெருப்பில் விட்டார். "இது கிரேவிக்கு" என்றார். அந்த வாசனை என் வீட்டுக் கதவிடுக்கால்கூட வந்தது.

ஞாயிறு காலை. இறைச்சி அவணுக்குள். தொலைக்காட்சியில் நாணயம் சுண்டியாயிற்று, மேற்கிந்தியத் தீவுகள் துடுப்பெடுத்து ஆடுகிறது. கீழ்வாசல் மணி அடித்தது.

"கீழை நிக்கிறன்."

"மேலை வாங்கோ அண்ணா."

"டொஸ் ஆர் வெண்டது?"

"லொபியிலை ரிவி இல்லை. மேலை வந்தாத் தெரியும்."

அண்ணா வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மூக்கை உயர்த்தி ஒரு தரம் மணந்து பார்த்தார். சோற்று மணம் இல்லை. உள்ளே வந்தார். சோபாவின் ஒரு தொங்கலில் அத்தான், மறு தொங்கலில் அண்ணா. இடையில் ஆரணி. அவளுக்குத்தான் வேலை.

"பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டட்டாம்."

"அப்பா, மாமா வொல்யூம் கூட்டட்டாம்."

"மாமாவிட்டைச் சொல்லு, ரிமோட் அவருக்குப் பக்கத்திலைதான் கிடக்கு."

அடுப்படியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கிடையே என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் பக்கத்து ஆட்டக்காரன் ஒருவன் ஓட்டத்துக்கு ஓடினான். பந்து வந்து விக்கெட்டில் பட்டது. மூன்றாவது நடுவரிடம் கேட்டார்கள். திரையில் மெல்ல மெல்ல, முன்னுக்கும் பின்னுக்குமாய்க் காட்டுகிறார்கள். சோபாவின் இரண்டு தொங்கலும் முன்னே சரிந்தன.

"உள்ளை! பற் உள்ளை!" இது அண்ணா.

"கோட்டைத் தாண்டிப்போட்டுது, பாருங்கோ!" இது அத்தான்.

திரையில் 'நொட் அவுட்' என்று விழுந்தது. இரண்டு பேரும் ஒன்றாய்க் கையை உயர்த்தினார்கள். உயர்த்தின பிறகுதான் யாரோடு சேர்ந்து உயர்த்தினோம் என்று ஞாபகம் வந்திருக்கவேண்டும். மெல்ல இறக்கினார்கள். அத்தான் திரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்கு எனக்கு உந்த ரீப்ளே இல்லை, மச்சான்."

அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணாவும் திரையையே பார்த்தார்.

"இருந்தாலும் நீர் அவுட்தான் குடுத்திருப்பீர்."

கோபமா, பகிடியா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆரணி மட்டும் எழும்பி வந்து அடுப்படிக்குள் நின்றுகொண்டாள். இடையில் இருக்க ஆள் தேவைப்படவில்லை.

இடைவேளை வந்தது. அக்கா வேட்டித் துணியை அவிழ்த்து, கடைசியாய் ஒரு தரம் கடும் சூட்டில் முறுக விட்டு, ரோஸ்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். பொன்னிறமாய், எலும்பு நீட்டிக்கொண்டு, ஒரு முழுத் தொடை. சுற்றிவர உருளைக்கிழங்கு, கரட், பச்சைப் பட்டாணி. புடிங் கிண்ணம் கிண்ணமாய் எழும்பியிருந்தது. அண்ணா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது அப்பமெல்லே?"

"அப்பம் இல்லை அண்ணா. கோதுமை மா. அரிசி மா ஒரு சிட்டிகையும் இல்லை."

மேசையில் இருந்தார். அத்தானுக்கு எதிரே. அக்கா கத்தியை வைத்து முதல் துண்டை வெட்டினார். அழகாய் விழுந்தது. இரண்டாவது துண்டு கோப்பையில் விழுந்ததும் மூன்றாய்ப் பிரிந்தது. அண்ணா முள்ளுக்கரண்டியால் ஒரு பகுதியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். செருகின எலும்பைத் தொட்டார். அது கழன்று கையோடு வந்தது.

நான் வாசலில் கிடந்த அண்ணாவின் சப்பாத்தைப் பார்த்தேன்.

"பிள்ளை," என்றார், "இந்த ஆட்டுக்கு எத்தினை கால்?"

அத்தான் எழும்பி நின்றார். "பிழை என்ரை, மச்சான். கடையிலை கறிக்கு வெட்டிப்போட்டாங்கள். நான்தான் ஓமெண்டனான். அவ இருந்து திரும்பக் கட்டினவ. நீங்கள் எழும்பிப் போகாதையுங்கோ. நான் வேணுமெண்டா வெளியிலை போய் நிக்கிறன். தங்கச்சியோடை இருந்து சாப்பிடுங்கோ."

அண்ணா அக்காவைப் பார்த்தார். அக்கா கெஞ்சவில்லை. கையில் கத்தியோடு, நெற்றியில் வியர்வையோடு நின்றார்.

"இரும் ஐசே," என்று பழைய விளையாட்டுத் தோழனைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார் அண்ணா. "எனக்கு முன்னாலை நிண்டா எனக்கு ரிவி தெரியாது."

அத்தான் இருந்தார். அண்ணா ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். இன்னொன்று. பிறகு கிரேவியை ஊற்றினார். உருளைக்கிழங்கை அதில் தோய்த்தார். புடிங்கைப் பிய்த்துத் தோய்த்தார். உருளைக்கிழங்கு முடிந்தது. புடிங் முடிந்தது. கோப்பையில் கிரேவி மட்டும் மிஞ்சியது. அண்ணா அதைக் கரண்டியால் வழித்துப் பார்த்தார். சரிவரவில்லை.

"பிள்ளை."

"என்ன அண்ணா?"

"இந்தக் குழம்புக்கு..." ஒரு தரம் செருமினார். "ஒரு பிடி சோறு இல்லையோ?"

எல்லாவற்றுக்கும் ஆயத்தம் செய்திருந்த அக்கா இதற்கு மட்டும் ஆயத்தம் செய்யவில்லை. "சோறோ?" என்றார், கேள்விப்படாத ஒரு பொருளைக் கேட்டதுபோல்.

"ஓம், சோறு. தமிழாக்கள்ரை வீட்டிலை சோறு இல்லையோ?"

"நான் அப்பவே சொன்னனான்!" என்று அத்தான் துள்ளினார். "அரிசியை வீட்டை விட்டு அனுப்பாதையும் எண்டு நான் அப்பவே சொன்னனான்!"

ஆரணிதான் துணிந்து கேட்டாள்: "மாமா, அப்ப உங்கடை சத்தியம்?"

"அது நான் அம்மாவோடை செய்தது. அம்மாவோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். இந்தக் குழம்பைக் குடுத்தா அவவும் சோறு கேப்பா."

நான் லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியால் ஓடினேன். அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தட்டு இறங்கி வந்தபோது, கீழ்த்தட்டு வீட்டு அன்ரி கதவைத் திறந்து, "என்ன பிள்ளை, நெருப்போ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, அண்ணா சோறு கேக்கிறார்!" என்று கத்தினேன். அவருக்கு முழுக் கதையும் தெரியும். "ஐயோ, பிள்ளையாரே!" என்று அவரும் எனக்குப் பின்னால் ஓடிவந்தார்.

சோறு குக்கரில் வெந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டாவது பாதி ஆட்டம் தொடங்கிவிட்டது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் குக்கரின் சின்ன விளக்கில். அது மாறியதும் அக்கா ஆவி பறக்கப் போட்டார். அண்ணா முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குழைத்து வாயில் வைத்தார். அக்கா சுவரோடு சாய்ந்து நின்று, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மூடின தலைப்புக்குள்ளிருந்தே, "கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று கேட்டார்.

இரண்டாம் முறை சோறு போடும்போதுதான் அண்ணா சொன்னார்: "மச்சான், அண்டைக்கு நான் கோட்டுக்கு வெளியிலைதான் நிண்டனான்."

அத்தான் வாயைத் திறந்தபடி இருந்தார். "அப்ப அவுட்தானே!"

"அவுட்தான். ஆனா தங்கச்சியின்ரை புருசன் எனக்கு அவுட் குடுக்கிறதோ? ஊரிலை ஒருத்தனும் செய்யமாட்டான்!"

அந்தச் சிரிப்பில் கீழ்த்தட்டு அன்ரிக்குப் புரைக்கேறியது. கடைசி ஓவரில் எங்கள் அணி வென்றது. எப்படி வென்றது என்று என்னைக் கேட்காதீர்கள். சோபாவில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு துள்ளிய இரண்டு பேரையும் கேளுங்கள்.

அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி நடந்தது. இரண்டு பேரும் வெளியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா பல வருடம் எங்களோடு இருந்தார். முக்கியமான மச் வந்தால் அவர் வீட்டில் ரோஸ்ட். அதற்கு அவர் முழுத் தொடை வாங்கவே இல்லை. "தம்பி, ரோஸ்டுக்கு. கறிக்கு வெட்டுறமாதிரி வெட்டித் தாரும்" என்பார். இறைச்சிக்கடைப் பொடியன் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறான். பக்கத்தில் எப்போதும் ஒரு சட்டி சோறும் இருக்கும்.

கடந்த சில மாதங்களில் இருதயம் மீண்டும் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவருக்கு அண்ணாவும் அத்தானும் சேர்ந்து ரோஸ்ட் செய்து ஒரு பெட்டியில் கொண்டுபோனார்கள். சாப்பிட டொக்டர் விடவில்லை. அக்கா மூடியைத் திறந்து மணந்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார்.

"மணத்திலை உப்பு எப்பிடித் தெரியும்?" என்று அண்ணா கேட்டார்.

"ரெண்டு பேரும் வாய் காட்டிக்கொண்டு சமைச்சிருப்பியள். மற்றவர் போட்டிருப்பார் எண்டு ஆளுக்காள் விட்டிருப்பியள்."

வீட்டுக்கு வந்து நாங்கள் சாப்பிட்டுப் பார்த்தோம். உப்பே இல்லை. இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், நோவில்லாமல், அத்தானின் கை ஒரு பக்கமும் அண்ணாவின் கை மறு பக்கமுமாய் அக்கா கண்ணை மூடினார். வென்றுவிட்டுப் போன முகம் அது. நான் பார்த்தேன், சாட்சி சொல்லுவேன்.

அக்காவின் நோயில் பக்கத்தில் நின்ற டொக்டர்மார், தாதியர், செய்தி கேட்டதும் ஓடிவந்த உறவுகள், சூடாய்ச் சாப்பாடு கொண்டுவந்து தந்த எங்கள் கட்டிடத்து அயலவர்கள், வீட்டுக் கிரியைகளை முன்னின்று நடத்தித் தந்த குருக்கள் ஐயா, முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து வேலை உடுப்போடேயே வந்து நின்ற தோழிகள், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் நீங்கள், எல்லோருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

இந்தப் பட்டியலில் அண்ணாவின் பெயரையும் எழுதியிருந்தேன். "ரெக்ஸ்டேலிலிருந்து வந்து, மாதக்கணக்காக இங்கேயே தங்கி உதவிய அண்ணாவுக்கும்" என்று வாசித்துக் காட்டினேன். அண்ணா என் கையிலிருந்த பேனையை வாங்கி அந்த வரியை வெட்டினார்.

"எனக்கு ஆர் நன்றி சொல்லுறது? நான் வந்து போற ஆளோ? வீட்டுக்காரன்."

"அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன்," என்றார் அத்தான். "அவரின்ரை பெயரை எனக்குப் பக்கத்திலை போடு."

அதனால் நன்றி பெறுகிறவர்களில் அண்ணா இல்லை. உங்களுக்குக் கைகூப்பி நிற்கிற எங்களில் ஒருவராய், டோர்செட் பார்க் வீட்டின் வாசலில், அத்தானின் தோளோடு தோளாய் நிற்கிறார். உள்ளே வாருங்கள். சாப்பாடு ஆயத்தம்.